வீட்டுப் பராமரிப்புச் சேவை: யார் பார்ப்பது? எதைப் பார்ப்பது?

(திருப்பத்தூரில் வீட்டுப் பராமரிப்புத் தொண்டர்கள், ஜமாஅத் நிர்வாகிகள், நோயாளிகளின் குடும்பத்தார் கலந்துகொண்ட கூட்டத்தில், அறக்கட்டளையின் மேற்பார்வைக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை.)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். எழுந்து நடக்க முடியாமல் படுத்திருக்கும் ஒருவருக்கு வீடு தேடிப் போய்ச் செய்யும் பணிவிடை ஒழுங்காக நடக்கிறதா, ஆபத்தில்லாமல் நடக்கிறதா என்று யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது?

"கித்மத் செய்யப் போகிறவர்களைச் சோதனை போடலாமா? அல்லாஹ்வுக்காகச் செய்கிற வேலைக்குக் கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். மனம் நொந்து கேட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பைத்துல் மால் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறோம். அதனால் பொருளாளரை நாம் சந்தேகப்படுகிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. பணம் அமானிதம் என்பதால் பார்க்கிறோம். படுக்கையில் கிடக்கும் ஒரு தாயின் உடம்பு அதைவிடப் பெரிய அமானிதம். அதற்குத் தணிக்கை வேண்டாமா?

கதவு சாத்தினால் யாருக்கும் தெரியாது

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு தவறு நடந்தால் பக்கத்துக் கட்டில்காரர் பார்ப்பார், அவரோடு துணைக்கு வந்தவர் பார்ப்பார், டியூட்டி மாறி வரும் நர்ஸ் பார்ப்பார். வீட்டில் அப்படியில்லை. கதவு சாத்தினால் உள்ளே இருப்பது இரண்டு பேர். ஒருவர் பணிவிடை செய்பவர். இன்னொருவர் அந்தப் பணிவிடை இல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாதவர். குறை இருந்தால் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரும் அவரேதான்.

நம் மாவட்டத்தில் இந்த நிலை ஏன் பெருகுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல், ஷூ கம்பெனிகளுக்கு ஆண்களோடு பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். மகனும் மருமகளும் காலையில் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் திரும்புகிறார்கள். இன்னும் பல வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். மலையிலோ, கர்நாடக, கேரளத் தோட்டங்களுக்கு வேலை தேடிப் போனவர்கள் பல நாள் கழித்தே ஊர் திரும்புகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது வயதானவர்கள்தான். அவர்களைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறோம், அல்லது நம்மைப் போன்ற அமைப்புகளை எதிர்பார்க்கிறோம்.

வீடு தேடிப் போகும் சேவை நமக்குப் புதிதல்ல. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று, நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தருவதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் அடங்கும். அந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டிச் சிறிய அளவில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர்மக்கள் கையில் வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. அங்கே பணம் திரட்டுவதும் நோயாளியைக் கண்டுபிடிப்பதும் வண்டி ஏற்பாடு செய்வதும் பெரும்பாலும் சாதாரண மக்கள்தான். பெரிய ஆஸ்பத்திரி கட்டாமலே மக்கள் சேர்ந்தால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் மக்கள் செய்வதால் மட்டும் ஒரு சேவை தானாகப் பாதுகாப்பானதாகிவிடாது.

இலவசமாக வாங்குபவர் குறை சொல்ல மாட்டார்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காசு கொடுத்து ஏஜென்சி மூலம் ஆள் வைத்தவர் சேவை சரியில்லை என்றால் சண்டை போடுவார், ஆளை மாற்றச் சொல்வார், நுகர்வோர் ஆணையத்துக்குக்கூடப் போவார். இலவசமாகப் பெறுபவர் என்ன செய்வார்?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'சேவை' என்பதற்குத் தரும் விளக்கத்தில் இலவசச் சேவையைச் சேர்க்கவில்லை. பழைய சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா என்ற வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியில், இலவச நோயாளியும் நுகர்வோர்தான். ஆனால் எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் இடம் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதாவது, நம்மைப் போன்ற அமைப்புகளிடம் பணிவிடை பெறும் ஏழைக்கு அந்த வாசல் பொதுவாக மூடியே இருக்கிறது.

வேறு சட்டம் இருக்கிறதா? பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதில் திருத்தம் செய்ய 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. முதியோருக்கு வீட்டில் பராமரிப்புத் தரும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த மக்களவையின் காலம் முடிந்தபோது மசோதாவும் நிறைவேறாமலே காலாவதியானது.

சட்டத்தின் கதவு இப்படியிருக்க, மனதின் கதவு இன்னும் இறுக்கமாக மூடியிருக்கிறது. "சும்மா வந்து செய்கிறார்கள், அவர்களைப் போய்க் குறை சொன்னால் நன்றி கெட்டதனம் ஆகாதா? நாளைக்கு வராமல் போய்விட்டால்?" இந்தப் பயம் ஒவ்வொரு ஏழை வீட்டிலும் இருக்கிறது. எனவே நன்கொடையில் நடக்கும் சேவையைக் குறைவாகப் பார்த்தால் போதும் என்பது தலைகீழான எண்ணம். கட்டணச் சேவையில் நோயாளியே பாதிக் கண்காணிப்பைச் செய்துவிடுகிறார். இலவசச் சேவையில் முழுக் கண்காணிப்பையும் நாம்தான் செய்தாக வேண்டும்.

ஐந்து கேள்விகள்

வெளிநாடுகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தோம். இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் என்று ஓர் அமைப்பு 2009 முதல் இயங்குகிறது. வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது போன்ற வேலைகளைச் செய்யும் நிறுவனங்கள் அங்கே பதிவு செய்தாக வேண்டும். ஆய்வாளர்கள் ஐந்து கேள்வி கேட்கிறார்கள். பாதுகாப்பாக இருக்கிறதா? பலன் கிடைக்கிறதா? கனிவாக நடத்துகிறார்களா? அந்தந்த ஆளின் தேவைக்கு ஏற்பச் செய்கிறார்களா? நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா? பார்த்துவிட்டு நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அந்தத் தரத்தை மக்கள் பார்க்கும்படி நிறுவனம் வெளிப்படையாக வைக்க வேண்டும்.

அவர்களிடம் உள்ள பணமும் ஆட்களும் நம்மிடம் இல்லை. ஆனால் இந்த ஐந்து கேள்விகளுக்குப் பணம் தேவையில்லை. இவற்றை நம் ஊர் நடைமுறைக்கு மாற்றி வைத்திருக்கிறோம். இனி அதைச் சொல்கிறோம்.

எப்படிப் போகிறோம்

ஒவ்வொரு ஆய்வுக்கும் இருவர் போக வேண்டும். அதில் ஒருவர் கட்டாயம் பெண். இருவரும் அந்த வீட்டுக்குப் போகும் பராமரிப்புக் குழுவைச் சேர்ந்தவராகவோ நோயாளியின் உறவினராகவோ இருக்கக்கூடாது. ஒருவருக்காவது அந்த வீட்டில் பேசும் மொழி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். உர்தூ பேசும் மூதாட்டியிடம் தமிழில் கேட்டால் "ஹாங்" என்று தலையாட்டிவிடுவார்கள். அதை நாம் பதில் என்று எழுதிக்கொண்டு வருவோம்.

திடீரென்று போக வேண்டுமா, சொல்லிவிட்டுப் போக வேண்டுமா? வீடு என்பது ஆஸ்பத்திரியல்ல. அனுமதி கேட்காமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவது நம் பண்பல்ல. அதனால் குடும்பத்தாரிடம் முதல் நாளே கேட்போம். பராமரிப்புக் குழுவிடம் சொல்ல மாட்டோம். குடும்பம் வேண்டாம் என்றால் அன்று போகமாட்டோம். அதற்காக அந்த வீட்டின் சேவை நிற்காது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவோம்.

நோயாளியிடம் தனியாகப் பேச வேண்டும். பணிவிடை செய்பவரும் இருக்கக்கூடாது, முடிந்தால் வீட்டாரும் இருக்கக்கூடாது. கேட்கும் விதம் முக்கியம். "சேவை எல்லாம் நல்லா இருக்காம்மா?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை" என்றுதான் பதில் வரும். நாம் கேட்க வேண்டியவை வேறு. "நேத்து எத்தனை மணிக்கு வந்தாங்க? எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க? எத்தனை தடவை புரட்டிப் படுக்க வெச்சாங்க? ராத்திரி தாகம் எடுத்தா யாரைக் கூப்பிடுவீங்க? துணி மாத்தும்போது கதவைச் சாத்தினாங்களா? உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுறாங்க?" இப்படிக் கேட்டால் குறை சொல்கிறோம் என்ற கூச்சம் அவர்களுக்கு வராது. நடந்ததைச் சொல்வார்கள். அதை வைத்து நாம் புரிந்துகொள்ளலாம்.

பேச முடியாதவர்களிடம் என்ன செய்வது? முகத்தைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்தால் முகம் திரும்புகிறதா, உடம்பு சுருங்குகிறதா? உதடு காய்ந்திருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? இவையும் பதில்கள்தான்.

எதைப் பார்க்கிறோம்

முதலில் உடம்பு. இதை நம் குழுவிலுள்ள நர்ஸ்தான் பார்ப்பார், நோயாளியின் சம்மதத்தோடு. நடு முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களில்தான் படுக்கைப்புண் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாக, கெட்டியாக, வலியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது பொதுவான வழக்கம். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் புரட்ட வேண்டியதில்லை என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அது தவறு. ஏர் பெட் உதவி செய்யும், புரட்டும் கையின் வேலையைச் செய்யாது.

அடுத்தது குழாய்கள். சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. குழாய் மாற்றிய தேதி எழுதியிருக்க வேண்டும். மூக்கு வழியாகக் கஞ்சி கொடுப்பவர்களுக்குத் தலைப்பக்கம் நன்றாக உயர்த்தி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்து முடித்தபின் அரை மணி நேரத்துக்காவது படுக்க வைக்கக்கூடாது. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். கஞ்சி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது மருந்து. எந்த மாத்திரை, எப்போது, எத்தனை என்று ஒரே தாளில் எழுதி, அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த மொழியில் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். வலிக்காக மார்ஃபின் மாத்திரை தரப்படும் வீட்டில் மாத்திரைகளை எண்ணிப் பார்த்து நோட்டோடு ஒப்பிட வேண்டும். அது பூட்டி வைக்க வேண்டிய மருந்து. அதே சமயம் மார்ஃபின் என்றால் போதை என்று பயந்து, வலியில் துடிக்கும் ஒருவருக்கு டாக்டர் எழுதிய அளவைக் கொடுக்காமல் இருப்பதும் குறைதான். அதையும் எழுதுவோம்.

இன்சுலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உடம்பில் போவது 8 யூனிட்தான். சுகர் குறையாது. மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் போவது 50 யூனிட். அந்த ஆள் மயங்கி விழுவார், உயிரும் போகலாம். அதனால் நோட்டில் சுகர் அளவைப் பார்ப்பதற்கு முன்னால், குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். குப்பியைத் திறந்த தேதி மேலே எழுதியிருக்கிறதா என்றும் பார்ப்போம். திறந்த குப்பியைப் பொதுவாக 28 நாளைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது.

நான்காவது ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் வைத்திருக்கும் அறையில் அடுப்பு, பீடி, ஊதுபத்தி எதுவும் கூடாது. வியாழன் மாலை சாம்பிராணி போடும் வழக்கமுள்ள வீடுகளில் இதை அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும். சிலிண்டர் சாயாதபடி கட்டி நிறுத்தியிருக்க வேண்டும். கரண்டில் ஓடும் மெஷினாக இருந்தால், கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று வீட்டாரைக் கேட்போம். "உடனே வந்துவிடும்" என்பது ஏற்பாடு அல்ல.

ஐந்தாவது ஊசியும் கழிவும். போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல், அப்படியே தடித்த டப்பாவில் போட்டு, நிரம்பியதும் குழு எடுத்துப்போக வேண்டும். அது குப்பைத் தொட்டிக்குப் போனால் குத்தப்படுவது துப்புரவுப் பணியாளரின் கை. அவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை.

ஆறாவது கை. ஒரு வீட்டில் நுழைந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா? ஒரு நாளைக்கு நாலைந்து வீடு போகிறவர்கள் இதைத் தவறவிட்டால், ஒரு வீட்டின் புண்ணிலிருந்து அடுத்த வீட்டின் புண்ணுக்குக் கிருமியைச் சுமப்பது நாமே ஆகிவிடுவோம்.

பணிவிடை செய்பவரையும் பார்க்கிறோம்

தமிழ்நாட்டில் 'ஹோம் நர்ஸ்' என்று சொல்லி வேலைக்கு வருகிறவர்களில் பலர் நர்ஸ் அல்ல. அனுபவத்தால் வேலை கற்றவர்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. குளிப்பாட்டவும் சாப்பாடு ஊட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் பயிற்சி பெற்ற ஆயா போதும். ஆனால் ஊசி போடவும் குழாய் மாற்றவும் தமிழ்நாடு நர்ஸ், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு பெற்ற நர்ஸ் வேண்டும். யார் எதைச் செய்யலாம் என்று ஒவ்வொரு வீட்டு நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதியிருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தனியார் ஏஜென்சி ஒன்று அனுப்பிய பெண்ணிடம் மூக்குக் குழாய் மாற்றும் வேலையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். தெரியாத வேலையைத் தலையில் கட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பணிவிடை செய்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும். பெரும்பாலும் அவர் ஏழைப் பெண், தனியாக இன்னொருவர் வீட்டில் இருக்கிறார். ராத்திரி தூங்க விடுகிறார்களா? சாப்பாடு கொடுக்கிறார்களா? சொன்ன சம்பளம் சொன்ன தேதியில் கிடைக்கிறதா? வீட்டிலுள்ள ஆண்களால் தொல்லை உண்டா? பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களிலும் வீடுகளிலும் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். இதை ஒவ்வொரு பெண் பணியாளருக்கும் வேலையில் சேரும் அன்றே சொல்ல வேண்டும். மூன்று இரவு தூங்காதவரின் கை இன்சுலின் அளவில் தவறும். அவரைக் கவனிப்பதும் நோயாளியைக் கவனிப்பதில் ஒரு பகுதிதான்.

பணத்தைப் பற்றியும் நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். நோயாளியின் ஏடிஎம் கார்டு, பென்ஷன் புத்தகம், நகை எதையும் பணிவிடை செய்பவர் வாங்கி வைக்கக்கூடாது. கடைக்குப் போய் எதையாவது வாங்கிவந்தால் பில்லோடு நோட்டில் எழுத வேண்டும். எந்தத் தாளிலும் கைநாட்டு வாங்கக்கூடாது. அன்பளிப்பு கொடுத்தாலும் மறுத்துவிட வேண்டும். இது பணியாளரையே காப்பாற்றும் விதி. நாளைக்கு ஒரு சங்கிலி காணாமல் போனால் முதல் சந்தேகம் அவர் மேல்தானே விழும்!

மலையில்

புதூர்நாடு, நெல்லிவாசல், புங்கம்பட்டு என்ற மூன்று நாடுகளின் ஊர்களுக்கும் இந்தச் சேவை போக வேண்டும் என்று தொண்டர்கள் கேட்டிருக்கிறார்கள். மலைவாழ் மக்கள் நம் அண்டை வீட்டார். சமயம் பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் ஆய்வு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கீழே ஒரு நாள் வராமல் போனால் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்வார். மேலே சிக்னல் கிடைக்காத குக்கிராமங்களில், வராமலே 'வந்தோம்' என்று நோட்டில் எழுதினாலும் கேட்க ஆளிருக்காது.

ஆகவே மலைக்கு நாலு விதிகள். ஒன்று, போன தேதிக்கு அந்த ஊரிலேயே ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். பெண்கள் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவரானால் நல்லது. இரண்டு, மழைக்காலத்தில் பாதை அடைபடும் என்று கணக்கிட்டு, டாக்டர் அனுமதியோடு கூடுதல் நாளைக்கு மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஆய்வுக்குப் போகிறவர் எத்தனை நாளைக்கு மருந்து கையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று, அவசரம் என்றால் நோயாளியைச் சாலை வரை கொண்டுவருவது யார், எந்த வண்டி என்பது பெயரோடு எழுதியிருக்க வேண்டும். நம் மாவட்டத்திலேயே நெக்னாமலையில் சாலை இல்லாமல் நோயாளிகளை டோலி கட்டிச் சுமந்து இறக்கியதை எல்லோரும் அறிவோம். 108-க்கு போன் செய்தால் வண்டி சாலை வரைதான் வரும். அதற்கு மேலுள்ள தூரத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். நான்கு, அந்த ஊர் மக்களின் நடைமுறைகளை மதித்துச் செய்ய வேண்டும். உதவி செய்யப் போனவர்கள் உபதேசம் செய்யத் தொடங்கக்கூடாது.

பார்த்தபின்

ஆய்வில் கண்ட குறைகளை மூன்று கூடையில் போடுகிறோம். இன்றே சரிசெய்ய வேண்டியவை முதல் கூடை. மாறிய சிரிஞ்சு, தீ ஆபத்து, அடித்த அடையாளம், புதிய புண் இதில் வரும். ஆய்வுக்குப் போனவர்கள் அந்த வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னரே டாக்டரிடம் பேசியிருக்க வேண்டும். யாராவது கை நீட்டியிருந்தால் அது மேற்பார்வைக் குழுவில் பேசித் தீர்க்கும் விஷயமல்ல, காவல் நிலையத்துக்குப் போகும் விஷயம். ஜமாஅத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஒரு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டியவை இரண்டாவது கூடை. பயிற்சி, நோட்டு எழுதும் முறை போன்று மாதக் கணக்கில் செய்ய வேண்டியவை மூன்றாவது. குறை சரியானதா என்று திரும்பப் போய்ப் பார்க்காத ஆய்வு ஆய்வே அல்ல.

நல்லதையும் எழுதுவோம். ஒரு தொண்டர் நோயாளியின் மெத்தைக்கடியில் தலையணை செருகிய விதம் புண்ணை ஆற்றியிருந்தால், அதை மற்ற தொண்டர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். எத்தனை வீடு பார்த்தோம், என்னென்ன குறை கண்டோம், எத்தனை சரியானது என்பதை, நோயாளி பெயரும் பணியாளர் பெயரும் இல்லாமல், இந்த மடலில் வெளியிடுவோம். நன்கொடை தரும் நீங்கள் ரூபாய்க் கணக்கோடு இந்தக் கணக்கையும் கேட்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு

கடைசியாகக் குடும்பத்தாருக்கு. பணிவிடைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள். தினம் ஒரு தடவை நோட்டைப் படியுங்கள். வாரம் ஒரு தடவை குளிப்பாட்டும்போது பக்கத்தில் இருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வாரத்தில் ஒரு நாள், சொல்லாத நேரத்தில் வீடியோ அழைப்பில் வாருங்கள், அம்மாவின் முகத்தைப் பாருங்கள். பணம் கொடுத்து ஏஜென்சி மூலம் ஆள் வைப்பவர்கள் அடையாள அட்டை நகலும் காவல்துறைச் சரிபார்ப்பும் இல்லாமல் யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். முதியோருக்குத் தொல்லை என்றால் 14567 என்ற இலவச எண் இருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலிலிருந்து தெரியும்படி ஒட்டி வையுங்கள். நம்மைப் பற்றிக் குறை சொல்லவும் அந்த எண்ணை அழைக்கலாம். நமக்கு வருத்தமில்லை.

இன்று இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். ஆய்வுக் குழுவுக்கு இருபது பேர் தேவை. பெண்கள் அதிகம் தேவை. ஓய்வு பெற்ற நர்ஸ்கள், ஆசிரியைகள், உர்தூவும் தமிழும் பேசத் தெரிந்தவர்கள், மலை ஊர்களைச் சேர்ந்தவர்கள் முன்வர வேண்டும். மாதம் இரண்டு அரை நாள் கொடுத்தால் போதும். எங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கு வாருங்கள் என்று அழைக்க விரும்பும் குடும்பத்தாரும் தங்கள் விவரத்தை எழுதிக் கொடுக்கலாம். இன்ஷா அல்லாஹ், முதல் சுற்று ஆய்வை ஆலங்காயம் பகுதியில் தொடங்குவோம்.

படுத்திருக்கும் ஒருவருக்காகச் செய்யும் பணியை அவர் கண்ணில் நின்று பார்க்கும் மனதை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தருவானாக. வஸ்ஸலாம்.